அத்தானிடமிருந்து வாங்கிய அணி

சுதந்திரம் வரப்போகிறதென்று மலாக்கா முழுவதும் தோரணம் கட்டிக்கொண்டிருந்த 1957ஆம் ஆண்டில், காஜா பெராங் ரோவர்ஸ் ஹாக்கி அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து நகர லீக் ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து ஒரு வெற்றிகூடக் கிடையாது. போலீஸ் அணி அடித்தது, ஆசிரியர்கள் அணி அடித்தது, புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாக்கள் அணிகூட அடித்தது. சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்து பையன்கள் திரும்பி வரும்போது, காஜா பெராங் ரோட்டுக் காப்பிக்கடையில் யாரும் எத்தனை கோல் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் கலியாணசுந்தரம். கிளேபாங் வரை போய்வரும் டவுன் பஸ்ஸின் டிரைவர். போர் முடிந்து, ஆட்டமும் ஆளும் சிதறிக் கிடந்த காலத்தில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து ரோவர்ஸை மறுபடி நிறுத்தியவர் அவர்தான். அவருடைய மைத்துனன் ஜெயபாலன். பெரிய ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் அவன் தொழில். இந்தக் கதை அவனுடையது.

ஜெயபாலனின் அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்தில் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா கமலவேணிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தம்பியை அவளே தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அத்தான் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு மட்டுமே சாப்பாடாக இருந்த நாட்களில் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவன் தட்டில் வைத்தவர். பிறகு மட்டை பிடிக்கவும் அவரோடு போனான், ரோவர்ஸின் சென்டர் ஹாஃப் ஆனான், நன்றாகவே ஆடினான். ஓர் ஆட்டத்தில் எதிராளியின் மட்டை முட்டியில் இறங்கி எலும்பு நொறுங்கியபோது, பாடாங் திடலின் ஓரத்தில் நின்றிருந்த பஸ்ஸின் டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த பயணிகளோடு சேர்த்து அவனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் அத்தான். அதற்காகக் கம்பெனியில் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவர் அதை வீட்டில் சொல்லவே இல்லை.

முட்டி கூடியது, ஆனால் மடங்கவில்லை. அதன்பின் ஜெயபாலன் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பவன் ஆனான். பார்க்கப் பார்க்க அவனுக்குள் ஒன்று வளர்ந்தது. அத்தான் செய்வதில் இது தப்பு, அது தப்பு, நானாக இருந்தால் இப்படிச் செய்வேன் என்று மனம் ஓயாமல் பேசியது. பந்தைத் தரையோடு தரையாகச் சின்னச் சின்னதாகத் தள்ளிக்கொண்டு போகும் அத்தானின் ஆட்டம் பழசாகிவிட்டது என்பது அவன் முடிவு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

1957 ஜூலையில், பெண்டஹாரா ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னுதுரை, ரோவர்ஸ் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், கமிட்டிக் கூட்டத்தைக் கடையின் மாடியில் கூட்டினார். ஜெயபாலனும் கமிட்டியில் ஒருவன். கலியாணசுந்தரத்துக்கு அன்று வண்டி இருந்தது. அவருக்கு வண்டி இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கூட்டம் வைத்திருந்தார்கள்.

"கலியாணம் நல்ல மனுசன். நான் இல்லேன்னு சொல்லல," என்றார் பொன்னுதுரை. "ஆனா இப்படியே போனா வர்ற வருசம் ரெண்டாவது டிவிசன்லா. மெர்டேக்கா வர்ற நேரத்துல நம்ம பேரு இப்படியா கெடக்கணும்? கேம்ப்புல ஒரு வெள்ளைக்கார சார்ஜண்ட் இருக்கான், கேட்டா வருவான்."

"அவன் வந்தா பாதிப் பையன்கள வீட்டுக்கு அனுப்பிடுவான்," என்றார் ஒருவர்.

"அப்ப வேற யாரு?"

எல்லார் கண்ணும் ஜெயபாலன் பக்கம் திரும்பின. யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால், "நான் பாத்துக்கிறேன்" என்ற சொல் அவன் வாயிலிருந்து அவனே எதிர்பாராத வேகத்தில் வந்து விழுந்தது. வெளி ஆள் வருவதைவிட வீட்டு ஆள் மேல் என்று படியிறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அதைவிடப் பெரிய தப்பு, அதை உடனே போய்ச் சொல்லாதது. மறுநாள் போகலாம் என்றிருந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னான். "மொதல்ல போய் உங்க அக்கா வீட்டுல சொல்லிட்டு வாங்க. வேற யாராச்சும் சொல்லிக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவன் மனைவி அஞ்சலை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த கமலவேணியிடம், "உன் தம்பிதான் இனிமே கோச்சாமே?" என்று யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தான் வீட்டு வாசலில் மட்டைகளை வரிசையாகச் சாத்தி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு, பாலா."

"அத்தான், நான் வந்து..."

"தெரியும். மட்டையெல்லாம் தொடச்சு வச்சுட்டேன். ரெண்டுக்குப் பிடி லூசா இருக்கு, பாத்துக்க."

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் ஜெயபாலனுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். ஒன்றுக்கும் இடமில்லாமல் போயிற்று.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "ஏன்டா, இந்த வீட்டுக்கு உனக்கு வழி தெரியாமப் போச்சா? ஊர்க்காரங்க வாயாலயா நான் கேக்கணும்?"

"அக்கா, நான் சொல்லத்தான்..."

"கமலா, விடு," என்றார் கலியாணசுந்தரம். அவள் உள்ளே போய்விட்டாள். தம்பி வந்தால் கேட்காமலே காப்பி வரும் வீடு அது. அன்று வரவில்லை.

மட்டைகளைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் கிளம்பும்போது, அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார். "கணபதிய மட்டும் எடுத்துடாத. இந்த வருசத்தோட அவரே நிறுத்திக்கிறேன்னு சொல்லியிருக்காரு. மரியாதையா முடிச்சுக்கட்டும்."

"சரி அத்தான்," என்றான்.

கணபதி ரோவர்ஸின் ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவர். காஜா பெராங் கம்போங் என்ற குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மன் கோவிலில் முன்வரிசையில் நிற்பார். பேசுவது மட்டும் மலாய். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார், ஓட்டம் குறைந்துவிட்டது. முதல் பயிற்சிக்கே வந்து நின்ற பொன்னுதுரை, "அந்தக் கிழவன மொதல்ல மாத்து தம்பி. மாத்தம் வேணும்னுதான உன்னப் போட்டோம்?" என்றார். ஜெயபாலனுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பதினோரு பேரை அறிவித்தபோது கணபதியின் பெயர் இல்லை.

கணபதி கால்மறைப்புகளை நிதானமாக அவிழ்த்தார். "தாக் அப்பாலா, ஜெயா," என்றார், பரவாயில்லை என்று. வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பாடாங் பக்கம் அவரை யாரும் பார்க்கவில்லை.

அந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. தோற்காமல் வந்ததே பெரிய செய்தியாகிவிட்டது. பந்தை நீளமாக அடித்துவிட்டுத் துரத்தச் சொன்ன ஜெயபாலனின் ஆட்டத்தில் ஒரு கோல் விழுந்தது. பொன்னுதுரை எல்லாருக்கும் கடையில் பிரட்டிய மீ கோரெங் வாங்கிக் கொடுத்தார். ஜெயபாலன் வீட்டுக்கு வந்து, அஞ்சலையிடம் அந்தக் கோல் எப்படி விழுந்தது என்பதை இரண்டு தரம் சொன்னான். பல வருஷங்களில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த ஒரு வாரத்தோடு அது சரி. அடுத்த ஆட்டத்தில் ஆசிரியர்கள் அணி அந்த நீளமான பந்துகளை எல்லாம் நின்ற இடத்திலேயே நிறுத்தித் திருப்பி அடித்தது. துரத்தித் துரத்திப் பையன்களுக்கு மூச்சு வாங்கியது. கணபதி நின்ற இடத்தில் விட்டிருந்த இளைஞன் நன்றாக ஓடினான், ஆனால் எங்கே நிற்பதென்று தெரியாமல் ஓடினான். அதற்கடுத்த ஆட்டம் இன்னும் மோசம். ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயபாலன் ஆளை மாற்றினான், இடத்தை மாற்றினான், கடைசியில் பந்தைத் தரையோடு தள்ளும் பழைய ஆட்டத்துக்கே திரும்பிப் பார்த்தான். அதுவும் இப்போது யாருக்கும் வரவில்லை. கோட்டோரத்தில் நின்று கத்திக் கத்தி அவன் குரல் கட்டிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் நோயாளிகள், "டிரெஸ்ஸருக்கே காய்ச்சலா?" என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஓர் ஆட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் ஜெயித்தால் முதல் டிவிசனில் தங்கலாம், இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். ஜெயபாலன் வெட்கத்தை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கலியாணசுந்தரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், சனிக்கிழம நீங்க வந்து நில்லுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா நின்னாப் போதும். பையன்களுக்குத் தெம்பு வரும்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "நான் வந்தா பந்து கோலுக்குள்ள போயிடுமா பாலா?"

"அப்படிச் சொல்லல..."

"நமக்குக் கோல் போட்டுக்கிட்டிருந்த சேதுபதி போலீஸ்ல சேந்து ஈப்போவுக்குப் போயிட்டான். கோல்கீப்பர் சிங்கப்பூர் போயிட்டான். நல்லா ஆடுறவன் அத்தன பேரும் வேல கெடச்ச எடத்துக்குப் போயிட்டான். போகத்தான வேணும்? மிச்சம் இருக்கறத வச்சு ஜெயிக்க முடியாதுன்னு எனக்கு மொத ஆட்டத்துலயே தெரியும். கடைசி வரைக்கும் நானே தோத்து முடிச்சுக்கலாம்னு இருந்தேன். நீ வந்து வாங்கிக்கிட்ட."

இத்தனை நாள் அத்தானின் தப்புகள் என்று மனதுக்குள் அவன் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போது ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் செய்ததும் வீண், தான் செய்ததும் வீண். யார் நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"நீ கேட்டியா?"

கண்டக்டர் மணி அடித்தார். கலியாணசுந்தரம் எழுந்து போய் வண்டியில் ஏறினார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. பாடாங்கில் சுதந்திர விழாவுக்காக மேடை போடும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆட்டத்தை ஒதுக்குப்புறமான ஒரு திடலுக்கு மாற்றியிருந்தார்கள். மழையில் ஊறிய புல்லில் பந்து நகரவே இல்லை. இடைவேளைக்கு முன்பே ரோவர்ஸ் தோற்றுவிட்டது. மற்ற பாதியை ஆட வேண்டுமே என்று ஆடினார்கள். முடிந்ததும் எதிரணித் தலைவன் வந்து கை குலுக்கினான். "செலாமாட் மெர்டேக்கா," என்று சுதந்திர வாழ்த்தும் சொன்னான். ஜெயபாலனும் சிரித்தபடி திருப்பிச் சொன்னான்.

அடுத்த வருஷம் ரோவர்ஸ் இரண்டாவது டிவிசனில் ஆடவில்லை, எந்த டிவிசனிலும் ஆடவில்லை. சங்கம் ஹாக்கியைக் கைவிட்டு, பையன்கள் கேட்ட கால்பந்துக்கு மாறிக்கொண்டது. பொன்னுதுரை அதற்கும் தலைவரானார். ஜெயபாலனை யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் அளவுக்கு அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கணபதியை அவன் ஒருமுறை கோவிலில் பார்த்தான். கிட்டே போவதற்குள் அவர் தீபாராதனைத் தட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்று திரும்பினாரா, தட்டு வந்ததால் திரும்பினாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு அஞ்சலை அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனாள். தட்டு காலியாக வராமல் அவர்கள் வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வந்தது. போக்குவரத்து அந்த அளவில் நின்றது. சாலையில் பார்த்தால் அத்தான் தலையசைப்பார். அக்கா எதிர்ப்பட்டால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவாள்.

1960இல் அக்கா மகள் விஜயாவுக்குக் கல்யாணம். பத்திரிகையை அத்தானே கொண்டுவந்து அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜெயபாலன் வேலை முடிந்து வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரே தாய்மாமன் அவன்தான். கூடப் பிறந்தவளுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த இடம் தன்னுடையது என்று நம்பினான். புடவை, மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டான்.

"தாய்மாமன் முன்னாடி வாங்க," என்று ஐயர் கூப்பிட்டார். ஜெயபாலன் மாலையோடு எழுந்தான். மடங்காத காலோடு அவன் நடந்து மேடையை எட்டுவதற்குள், கமலவேணி பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன் ராஜரத்தினத்துக்குக் கண்ணைக் காட்டினாள். ராஜரத்தினம் தயங்கித்தான் ஏறினான். அவன் கையில் முன்னமே ஒரு மாலை இருந்தது.

ஐயர் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. ஜெயபாலன் மாலையை அஞ்சலையின் மடியில் வைத்துவிட்டு, தாலி கட்டும்வரை நின்று, அட்சதை போட்டுவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் கலியாணசுந்தரம் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. உள்ளே நடந்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தில் ஒன்றும் காணோம்.

"சாப்பிட்டியா பாலா?"

"சாப்பிட்டேன் அத்தான்."

பந்தியில் அப்போதுதான் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது இருவருக்கும் தெரியும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு குடும்பமாக வந்து இறங்க, கைகூப்பிக்கொண்டு அவர்கள் பக்கம் போனார். ஜெயபாலன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அஞ்சலை வருவதற்காக வெயிலில் நின்றான்.