அக்கா வண்டியோட ஸ்டீயரிங் ஆயில்

புது ஆயில் டப்பாவைத் திறந்தா ரோஸ்மில்க் எசன்ஸ் கலர்ல இருக்கும். வாசனை மட்டும் மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம். கையில பட்டுட்டா ரெண்டு நாளைக்குச் சாப்பாட்டுலயும் அதே வாசனைதான்...

நேத்து அலமாரியைக் குடையும்போது ஒரு பெரிய சிரிஞ்சு கிடைச்சுது. ஊசி இல்லாத ஆஸ்பத்திரி சிரிஞ்சு. ஓரத்துல இன்னும் லேசா சிவப்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்ததும் வேற வேலை ஓடலை. அதான் எழுத உக்காந்துட்டேன்.

எங்க அக்கா திருவேற்காடு பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நானும் அவளும் கொரட்டூர்ல ஒரே பிளாட்ல இருந்தோம். மார்புல கேன்சர் ஆபரேஷன் பண்ணி, அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்ததுக்கப்புறம் அவளுக்கு இடது கை வீங்க ஆரம்பிச்சுது. வெயிட் தூக்கக்கூடாது, யாரும் இடிக்கக்கூடாது. பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சு நிக்கிறதெல்லாம் நடக்காத கதை. ஷேர் ஆட்டோவுல நெருக்கி உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள கை உரல் மாதிரி ஆயிடும்.

வேலையை விட்டுடுன்னு சொன்னேன். "ஊட்டுல உக்காந்தா நான் நோயாளிடா. ஸ்கூலுக்குப் போனா டீச்சர்"னு சொல்லிட்டா. அப்புறம் நான் வண்டி தேட ஆரம்பிச்சேன்.

ஆவடியில ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் கிடைச்சுது. பன்னெண்டு வருஷ வண்டி. இடது கைக்கு கியர் போடுற வேலை இல்ல. பவர் ஸ்டீயரிங் வேற, ஆயில் அழுத்தத்துல ஒரு விரலுக்கே திரும்பும். பக்கத்து பிளாட்காரர் "தலைவலியை விலை குடுத்து வாங்கியிருக்கீங்க"ன்னார். அக்கா கண்டுக்கவே இல்ல.

ஆட்டோமேட்டிக்னாலே அப்ப நம்ம ஏரியா மெக்கானிக்குங்க பத்தடி தள்ளி நிப்பாங்க. அதனால ஆயில் மாத்துறது நாங்களே. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில, பிளாட் வாசல்ல. "பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி வயித்தைச் சுத்தம் பண்ணணும்டா"ன்னு அக்கா சொல்வா.

முதல்ல கியர்பாக்ஸ். அடியில போல்ட்டைக் கழட்டி, பழைய இட்லி குண்டான்ல பிடிப்பேன். டிகாஷன் மாதிரி கறுப்பா வரும். எவ்வளவு வந்துச்சோ அதே அளவு புதுசை புனல் வச்சு மேல ஊத்தணும். அளக்குறது கணக்கு டீச்சர் பொறுப்பு. கொஞ்சம் கூடினாலும் மார்க் குறைப்பா.

அப்புறம் ஸ்டீயரிங். அதோட டேங்க் சின்னதுதான். பழசை சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு புதுசை ஊத்துவேன். அக்கா உள்ள உக்காந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புவா. திரும்ப உறிஞ்சு, திரும்ப ஊத்து... டேங்க்ல பளிச்சுன்னு சிவப்பு தெரியுற வரைக்கும். "பாருடா, வெறும் இடது கை"ன்னு ஒவ்வொரு தடவையும் காட்டுவா. அப்ப அவ முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

நாலாவது வருஷம், கியர் ஆயிலை முடிக்கும்போதே மழை பிடிச்சுக்கிச்சு.

"ஸ்டீயரிங்குடா?"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா."

ஆபீஸ்ல வேலை நெருக்கடி. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

தை மாசம் வாக்குல ஒருநாள் ஸ்கூல்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டும்போதே சொன்னா, "கை ரொம்பக் கனக்குதுடா. திருப்பத்துல வளைக்கவே முடியல. வண்டியும் முனகுது, நானும் முனகுறேன்."

நான் சிரிச்சேன். ஆனா உடனே பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். எங்க வீட்டுல எது நடந்தாலும் முதல்ல அந்த நோய்தான் ஞாபகம் வரும். பானட்டைத் திறந்து பாக்கத் தோணலை. ஸ்கேனுக்கு ஓடினோம். ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னார். நாங்க நம்பலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரு மாசம் கழிச்சு சாவியை ஆணியில மாட்டிட்டா. "போதும்டா. கை போயிடுச்சு." வேலையையும் எழுதிக் குடுத்துட்டா. வண்டி வாசல்லயே நின்னுடுச்சு, அப்புறம் யாரும் தொடலை. நானும் தடுக்கலை. ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு நோய் நிஜமாவே திரும்ப வந்துச்சு. ஆறு மாசம்தான்... போயிட்டா.

அக்கா போனப்புறம் வண்டியை வித்துடலாம்னு புது பேட்டரி போட்டு, பூந்தமல்லியில பழைய கார் வாங்கி விக்கிற மெக்கானிக் பாய்கிட்ட காட்ட எடுத்துட்டுப் போனேன். தெரு முனை திருப்பத்துல எனக்கே ரெண்டு கையும் வேணும்னு ஆச்சு. ஏதோ கேக்கக்கூடாத முனகல் சத்தம் வேற. அங்கயே எனக்குப் பாதி புரிஞ்சுடுச்சு.

பாய் பானட்டைத் திறந்தார். "இன்னா தம்பி, ஸ்டீயரிங் டேங்க்ல சொட்டு ஆயில் இல்ல. ஹோஸ் ரொம்ப நாளா கசிஞ்சுகினு இருந்துகீது. இத்த வச்சுகினு யாரு ஓட்டினது?"

"அக்கா."

"அப்ப அவங்க கைக்கு நல்ல தெம்பு தம்பி."

ஹோஸை மாத்தி, புது ஆயில் ஊத்தி, திருப்பிப் பாருங்கன்னார். ஒரு விரலுக்குத் திரும்புச்சு. நான் ஸ்டீயரிங் மேல தலையை வச்சுக்கிட்டு அழுதேன். பாய் டீ வாங்கப் போயிட்டார்.

ஸ்கேன்ல ஒண்ணும் இல்லாத அந்த ரெண்டு வருஷம் இருக்கே... அது அவளோட ரெண்டு வருஷம். அந்த அடுத்த வாரம் நான் டேங்க்கைத் திறந்திருந்தா கசிவு அப்பவே தெரிஞ்சிருக்கும், அவ ஸ்கூலுக்குப் போயிருக்கலாம். ஜன்னல் ஓரத்துல நோயாளியா உக்காந்திருந்தா.

இப்ப என் கார்ல ஸ்டீயரிங் ஆயிலே கிடையாது. எல்லாம் கரண்ட். உறிஞ்சவும் வேணாம், ஊத்தவும் வேணாம். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல. ஆனாலும் விடியும்போதே முழிப்பு வந்துடுது.

சிரிஞ்சைத் தூக்கிப் போடலாம்னுதான் எடுத்தேன். திரும்ப அலமாரியிலயே வச்சுட்டேன்.

அக்கா... உன் கை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஆயில் மாத்தலை.