முகூர்த்தப் புடவைக்கு நடுவே எழுந்தவள்

கமலவேணிக்குப் பட்டுக்கடையில் பதினோரு வருஷ வேலை. ஓரிக்கையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, புடவை விரிக்கும் பாயில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். முகூர்த்தப் புடவை எடுக்கும்போது, எடுத்துக் காட்டுகிறவள் நடுவில் எழுந்தால் அபசகுனமாம்! எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ, அந்த வரதராஜப் பெருமாளுக்கே வெளிச்சம். கல்யாண வீட்டார் நாலு மணி நேரம் பார்ப்பார்கள். அவர்களுக்குக் காபி வரும், இவளுக்கு அடிவயிறு முட்டும்.

கடைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். பிறகு நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? வாயைத் திறக்கும் முன்பே ஓர் அட்டை மாத்திரையை நீட்டிவிடுவான் மருந்துக்கடைக்காரன். அதையும் கமலவேணியும், கூட வேலை செய்யும் எஸ்தரும் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். எரிச்சல் நின்றதும் மிச்சம் பர்ஸுக்குள் போகும், அடுத்த தடவைக்கு. சிக்கனமாம், மண்ணாங்கட்டி!

இந்தத் தை மாதம் கமலவேணிக்கு நீர்க்கடுப்பு குளிர்ஜுரத்தோடு வந்தது. மாத்திரைக்கு அசையவில்லை. மூன்று நாள் தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி, ஒன்றரை மாதச் சம்பளம் காலி. சிறுநீர்ச் சோதனைத் தாளைப் பார்த்து டாக்டரம்மா திட்டினார்.

"அரைகுறையா போட்டுப் போட்டு, கிருமிக்கு இந்த மாத்திரையெல்லாம் பழகிப் போச்சும்மா. இனிமே அடக்கினா கிட்னிதான் போவும்."

திரும்பி வேலைக்கு வந்த அன்றே ஒரு பெரிய கல்யாணக் கூட்டம். புடவை விரித்துக்கொண்டிருந்த எஸ்தரின் முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, காலையிலேர்ந்து எரியுதுக்கா. உன்னாண்ட மாத்திரை இருக்குதா?" என்று கிசுகிசுத்தாள்.

பர்ஸில் நாலு இருந்தன. கமலவேணி பர்ஸைத் திறக்கவில்லை. கடைமேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம்.

"மாத்திரை கிடையாது. சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாம். இப்போ எழுந்துரு."

"முகூர்த்தப் பொடவைக்கா..."

"எழுந்துருடி!" என்று தானும் எழுந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் பூவராகவன் ஓடி வந்தார். "இன்னாம்மா இது? வியாபாரம் நடந்துக்கினு இருக்குது. சகுனம் பாக்கறவங்கம்மா!"

"நான் அடக்கிக்கினு உக்காந்ததுல எத்தினி பேர் நல்லா வாழ்ந்தாங்களோ, தெரியாது சார். என் கிட்னி போவப் பாத்துச்சு. அது தெரியும்."

கூட்டத்தின் நடுவிலிருந்து கல்யாணப் பெண் மட்டும் மெல்ல எழுந்தாள். "எனக்கும் ரொம்ப நேரமா அவசரங்க. பாத்ரூம் எங்க இருக்குது?"

"வாங்கம்மா, இப்படி வாங்க" என்று பூவராகவன் குனிந்து வழிகாட்டினார்.

கல்யாணப் பெண் எழுந்ததில் அபசகுனம் இல்லை போலிருக்கிறது! கமலவேணி எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே வழியில், அவர் கண் முன்னாலேயே நடந்தாள்.