பெட்டிக்குப் பின்னால் இரண்டு துளைகள்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். இரவு பகலாக இணையத்தோடு இணைந்திருக்கும். அம்மா அதைப் "பிள்ளையின்ரை பெட்டி" என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார். அவர் மூன்றாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா பெட்டியைக் காட்டும்போது என் தலையும் கொஞ்சம் நிமிரும். அதை மறைக்கப் போவதில்லை.

சனி ஞாயிறுகளில் நான் தமிழில் பதிவுசெய்த உயர்தரப் பரீட்சைக்கான கணிதப் பாடங்கள் அதற்குள் இருந்தன. பெரிய கோப்புகள் என்பதால் டொரன்ட் வழியாகப் பகிர்ந்தேன். என் பெட்டியிலிருந்து கேட்பவரின் கணினிக்கு நேரே போகும். முழுப் பிரதி என்னிடம் மட்டுமே இருந்தது.

என்னோடு படித்த தோழி ஒருத்தி வன்னியில் கற்பிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக் கணினியில் பாடங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும்போது பிள்ளைகள் மெமரி கார்டில் பிரதி எடுத்துப் போக வேண்டும். பலர் வீட்டில் இணையம் இல்லை. விடுமுறை முடிய பரீட்சை. திங்கட்கிழமை மாலை நூற்றுக்கு அறுபத்தொரு வீதத்தில் எல்லாம் நின்றுவிட்டது.

"என்னடி, உன்ரை பெட்டி நித்திரையோ?" என்று அவள் கேட்டாள்.

நான் சிரித்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

அவளுடையது கைபேசி இணைப்பு. வெளியிலிருந்து யாரும் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே என் பக்கம் திறந்திருக்க வேண்டும். அதற்காக வீட்டு இணையத்தைப் பங்கிடும் ரவுட்டரில் போர்ட் என்கிற ஒரு வாசலைத் திறந்து, அதில் வருவதெல்லாம் ரவுட்டர் பெட்டிக்குக் கொடுத்த முகவரி எண்ணுக்குப் போகும்படி எழுதியிருந்தேன். பெட்டிக்கு எப்போதும் அதே எண் கிடைக்கும்படியும் செய்திருந்தேன். இப்போது சோதித்தால் போர்ட் மூடியிருக்கிறது என்றே வந்தது. எழுதியதை வாசித்தேன், சரியாக இருந்தது. அழித்துத் திரும்ப எழுதினேன். டொரன்ட் மென்பொருளைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். இணையக் கொம்பனிக்கு மூன்று தடவை அழைத்து, நான் பொறியியல் படித்தவள் என்று தேவையில்லாமல் சொன்னேன். பெட்டியிலிருந்த படங்கள் தொலைக்காட்சியில் ஓடின. அது இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

செவ்வாய்க்கிழமை அம்மா பக்கத்தில் வந்து நின்று, முதல் நாள் இடி இடித்தபோது பெட்டியில் தான் கை வைத்ததாகச் சொல்லத் தொடங்கினார். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் வீட்டிலுள்ள வயர் எல்லாவற்றையும் அம்மா கழற்றிவிடுவார். அது எனக்குத் தெரிந்ததுதான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, உது உங்களுக்கு விளங்காது."

அம்மா குசினிக்குப் போய்விட்டார்.

வியாழன் மத்தியானம் தோழி மறுபடி அழைத்தாள். பகிடி விடவில்லை. நாளைக்குப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள். கணினியை மூடிவிட்டுக் குசினிக்குப் போனேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு என்ன செய்தனீங்கள் அம்மா?"

"வயரெல்லாம் கழட்டினனான். இடி விட்டாப் பிறகு திருப்பிக் கொழுவினனான். நீலவயர் போடுறதுக்குப் பெட்டிக்குப் பின்னாலை ரெண்டு ஓட்டை ஒரே மாதிரி இருந்துது. ஒண்டிலை போட்டன், லைற் எரிஞ்சுது." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதைத்தானே சொல்ல வந்தனான்."

நீலவயர் ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வருவது. பெட்டியின் ஒவ்வொரு துளைக்கும் தனி அடையாளம் உண்டு. ரவுட்டருக்கு மற்றத் துளை வேறொரு ஆள். அதனால் பெட்டிக்குப் புதிய எண்ணைக் கொடுத்திருந்தது. தொலைக்காட்சி பெட்டியைப் பெயரால் தேடிக்கொள்ளும், அதற்கு எண் மாறியது பொருட்டில்லை. போர்ட்டில் வருவது மட்டும் யாருமில்லாத பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. நானே நிலையாக வைத்த எண் என்பதால் நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, வயரை மாற்றிக் கொழுவினேன். அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று ஏறத் தொடங்கியது. வெள்ளி காலை பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் நூறு வந்ததாகத் தோழி செய்தி அனுப்பினாள்.

அம்மாவிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அம்மாவும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அடுத்த கிழமை திரும்பவும் இடி முழங்கியது. அம்மா வாசலில் நின்றார்.

"நீ கழட்டுறியோ, நான் கழட்டட்டோ?"

"நீங்களே கழட்டுங்கோ அம்மா," என்றேன்.

மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தேன். சரியான துளையைச் சுற்றி அம்மா குங்குமத்தால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.