ஒரு கையால் ஊற்ற

வலது கையில் தண்ணீர் நிரப்பிய ஒயின் பாட்டில். இடது கை, எதையோ அணைத்துப் பிடித்ததுபோல், முழங்கையில் மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. அப்படியே பாட்டிலைச் சாய்த்து ஒரு கிளாஸில் ஊற்றிப் பார்க்கிறார். சமையல் சாமான் கடையில் மூன்றாவது சனிக்கிழமையாக இதே கூத்து. பக்கத்தில் நான் காவல்.

"கையில அடியா சார்?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"இல்லம்மா. ஒரு கையாலதான் ஊத்தணும். இந்தக் கைக்கு வேற வேலை இருக்கு."

வீடுகளுக்கு வண்ணம் பூசும் பெயிண்டர் அவர். எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ்வீடு. 'காயட்டும்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதல் கோட் அடித்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்தது எப்போது என்று கேட்டால், "காயட்டும்." என் வீட்டுக் கூடத்துக்கு ஆறு நாள் எடுத்துக்கொண்டார், ஆறு நாளும் சோபாவைச் சமையலறையில் போட்டுப் படுத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். மனிதர் புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லத் தெரியாது தம்பி, இன்னும் காயல" என்பார். காயாததைக் காய்ந்தது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அந்தச் சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை என்பதையும் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அவரும் அவர் மனைவியும் (எனக்கு அண்ணி) ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறப்பார்கள். திறந்தவுடன் குடித்துவிட முடியுமா? கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விட வேண்டும், அப்போதுதான் துவர்ப்பு அடங்கும் என்பது அவர் கட்சி. அந்த ஒரு மணி நேரமும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணி தைத்துக் கொடுக்கும் துணிகளைப் பற்றி, துணி கொடுத்தவர்களின் இடுப்பளவைப் பற்றி. அண்ணியின் சிரிப்பு மாடியில் எனக்குக் கேட்கும். இருபத்தாறு வருடத்தில் அவர்கள் குடித்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம்.

அண்ணி படுத்த படுக்கையான பிறகு அதெல்லாம் நின்றுபோனது. எப்போது தெளிவாகக் கண் விழிப்பார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விழித்தால், முதுகைத் தாங்கிக்கொண்டால், கால் மணி நேரம் உட்காருவார். "இன்னொரு தரம் நாம சேர்ந்து குடிக்கணுங்க" என்று ஒருநாள் கேட்டார். டாக்டர், "ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்ன விதத்திலேயே எங்களுக்கு மிச்சமும் புரிந்தது.

கால் மணி நேரத்துக்குள் ஒரு மணி நேரக் காத்திருப்பை எங்கே வைப்பது? ஊற்றும்போதே ஒயினில் காற்றைக் கலந்துவிடும் ஏரேட்டர் என்று ஒரு சாமான் இருப்பதை நான்தான் சொன்னேன். அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம் என்று நினைத்தது என் புத்தி. அண்ணியின் தங்கை சனிக்கிழமைதான் வந்து துணைக்கு இருப்பாள். அதனால் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வெளியே வர முடியும்.

முதல் வாரம் புனல் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அதை ஒரு கையில் கிளாஸுக்கு மேலே பிடித்து, மறுகையால் ஊற்ற வேண்டும். "ரெண்டு கை கேக்குது. ஆகாது." அடுத்த வாரம் பேட்டரியில் ஓடுவது, பொத்தானை அமுக்கினால் குழாய் வழியாகத் தானே வரும். "உர்ருங்குது. அவ திடுக்குனு பயந்துக்குவா." பாட்டில் வாயில் செருகி ஊற்றும், மூக்கு மாதிரியான ஏரேட்டரும் அன்றைக்கே அங்கே இரண்டு தினுசில் இருந்தது. இதில் எது சொட்டும், எது சொட்டாது என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, கையில கிடைச்சத எடுங்க. இது சுவர் இல்ல."

"ரெண்டு பட்டை அடிச்சுப் பாக்காம கலர் எடுப்பாங்களா தம்பி? யோசிச்சு அடுத்த வாரம் வாங்குவோம்."

அந்த அடுத்த வாரம்தான் இது. ஒரு மூக்கு சொட்டியது. மற்றதில் தண்ணீர் களகளவென்று நுரைத்து இறங்கி, பாட்டிலை நிமிர்த்தியதும் சுத்தமாக நின்றது. கடைப் பெண் விடவில்லை. "அந்தக் கைக்கு அப்படி என்ன சார் வேலை?"

"அவ முதுகுல இருக்கும்மா" என்றார். கடைப் பெண் அதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

இந்த மூன்று வாரத்தில் கால் மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கீழிருந்து குரல் வந்தது. "தம்பி, ஓடி வாங்க, முழிச்சிட்டா!" நான் கார்க்கைப் பிடுங்கி மூக்கைச் செருகிக் கொடுத்தேன். அண்ணியை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் ஊற்றினார். போர்வையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் அண்ணியால் விழுங்க முடியவில்லை. பாட்டிலை வைத்துவிட்டு, அவர் விரலை ஒயினில் தொட்டு அண்ணியின் உதட்டை நனைத்தார்.

"ஒரு மணி நேரம் ஆச்சாங்க?"

"ஆச்சும்மா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அண்ணி போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவசரத்துக்கு ஒரு சாமான் வாங்க மூணு வாரம் எடுத்துக்கிட்டேன் தம்பி." எதற்கெடுத்தாலும் அவரைத் திட்டுகிற நான் அன்றைக்கு என்னைத்தான் திட்டிக்கொண்டேன். முதல் நாளே நானாவது எதையாவது பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இப்போதும் அது என்னை அரிக்கிறது.

போன ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு, என்னைக் கீழே கூப்பிட்டார். மேஜையில் இருந்தது அன்றைக்கு மிஞ்சிய பாட்டில் இல்லை, புதியது. கூஜா அலமாரியிலேயே இருந்தது. எனக்கு எதிரே, இரண்டு பேர் உட்காரும் பலகையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, ஏரேட்டரைச் செருகி, வலது கையால் ஊற்றினார். இடது கை தானாக எழுந்து, பக்கத்துக் காலியிடத்தில், ஒரு முதுகு இருக்கவேண்டிய உயரத்தில் மடங்கி நின்றது. கிளாஸ் நிறைந்தது. பாட்டிலைக் கீழே வைத்தார். அந்தக் கையை மட்டும் இறக்கவில்லை.