என் பெயரில் இன்னொருத்தி

பெரிய இணையக் கம்பெனிகளைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாமா கூடாதா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அம்மா சேனலை மாற்றப் போவாள். நான் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். அந்த நாலு பேரில் ஒருவராவது அந்தக் கம்பெனிகளிடம் எதையாவது நேரில் கேட்டுப் பார்த்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். வீடு ராஜகீழ்ப்பாக்கம், பள்ளிக்கூடம் தாம்பரம் பக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் வகுப்புக்கும் எங்கள் காலனிக்கும் நன்றாகவே தெரியும்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோதே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், நெட்டில் மூஞ்சியைப் போடக் கூடாது என்று. எங்கள் காலனியில் முக்கால்வாசி வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு இதே உத்தரவுதான். தங்கள் பக்கத்தின் முகப்பில் முகத்துக்குப் பதிலாக ஒருத்தி ரோஜாப்பூ வைத்திருப்பாள், ஒருத்தி பிள்ளையார், ஒருத்தி யார் பெற்றதோ ஒரு கொழுகொழு குழந்தை. நான் ஒரு முப்பட்டகம் வைத்திருந்தேன். கண்ணாடி முக்கோணத்துக்குள் வெள்ளை வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் ஏழு நிறமாக வரும் படம். அந்தப் பக்கத்தில்தான் பாடங்களைப் போட்டுவந்தேன். கரும்பலகையும் என் கையும் குரலும் மட்டும் இருக்கும். பரீட்சை நெருங்கினால் என் பிள்ளைகள் மட்டுமில்லை, கேளம்பாக்கத்துப் பிள்ளைகள்கூட வந்து சந்தேகம் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அப்பா என்னைத் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, வாழ்க்கையில் நான் சிரித்தே இராத ஒரு சிரிப்பு. அந்தப் போட்டோவை ஜாதகத்தோடு சேர்த்து ஃபோனில் இருந்த வரன் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். பிறந்த நேரம், பிறந்த ஊர், பள்ளிக்கூடத்தின் பெயர், ஃபோன் நம்பர், எல்லாம் அதில் இருந்தன. நெட்டில் மூஞ்சியைக் காட்டாதே என்று சொல்கிற வீடுகள்தான் பெண்ணின் பிறந்த நிமிஷம் வரை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புகின்றன. எங்களில் யாருக்கும் இதில் முரண்பாடு தெரிந்ததில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை பிரின்சிபல் மேடம் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் ஒரு ஃபோன். அதில் என் பெயரில் ஒரு பக்கம், முகப்பில் அந்தப் பட்டுப்புடவைப் போட்டோ. என் மாணவன் ஒருவனின் அப்பாவுக்கு அதிலிருந்து வந்த செய்திகளை மேடம் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். முதலில் பையனின் மார்க்கைப் பற்றி, பிறகு தனியாகப் பேசலாமா என்று. அதற்குப் பிறகு இருந்ததை நான் முழுவதும் படிக்கவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இது நான் இல்லை மேடம்."

"எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பையனோட அம்மா புருஷன் ஃபோனைக் கையில எடுத்துட்டு வந்து நிக்கறாங்களே. இன்னும் ரெண்டு மூணு அப்பாக்களுக்கும் போயிருக்காம். சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். அதுக்குள்ள இது போயிருக்கணும், மிஸ். போகலைன்னா ட்வெல்த் கிளாஸை உங்ககிட்ட விட முடியாது."

பரீட்சைக்கு முன் அந்தப் பிள்ளைகளை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. அன்றே அந்த ஃபேக் ஐடியைக் கம்பெனிக்கு ரிப்போர்ட் செய்தேன். பள்ளிக்கூட அடையாள அட்டையையும் இணைத்திருந்தேன். ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நீங்கள் குறிப்பிட்ட பக்கம் எங்கள் சமூக நெறிமுறைகளை மீறவில்லை, உங்கள் அக்கறைக்கு நன்றி. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க வழியில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி அதே நன்றி.

சட்டம் இல்லாமல் இல்லை. சைபர் பிரிவில் இருந்த அதிகாரி என்னை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். கம்பெனி நம் நாட்டில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும், ஒருவர் பெயரில் இன்னொருவர் நடித்தால் கெடுவுக்குள் நீக்க வேண்டும், எல்லாம் விதியில் இருக்கிறது என்றார்.

"நாங்க மெயில் போட்டுட்டோம் மேடம். அவங்க சைடுல இருந்து ரிப்ளை வரணும்."

"வரலைன்னா?"

"ரிமைண்டர் போடுவோம்."

குறைதீர்ப்பு அதிகாரிக்கு நானும் எழுதினேன். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று உடனே ஒரு பதில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசுக்குப் போய்க் கத்தலாம். அங்கே இருப்பவர் திருப்பிக் கத்துவார், லைன்மேன் வரலைன்னா நான் என்னம்மா பண்றது என்பார். ஆனால் கத்துவதற்கு ஓர் ஆள் இருப்பார். உலகத்தில் பாதிப் பேரின் முகத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது.

நாவலூரில் அவர்கள் ஆபீஸ் இருக்கிறது என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை நான் லீவு போட்டேன், அவர் ஸ்கூட்டரை எடுத்தார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. மேடவாக்கம் சிக்னலில் வெயிலில் நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் போட்டோவை ஊரெல்லாம் அனுப்பச் சொல்லி யார் அழுதாங்க?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். அப்பா திரும்பவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.

கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி எங்களை நிறுத்தினார்.

"இன்னாமா, யாரப் பாக்கணும்? பேரு சொல்லு."

என்னிடம் பெயர் எதுவும் இல்லை. கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அவங்க ஆளுங்க இங்க இல்லமா. அவங்களுக்கு வேல செய்யற வேற கம்பெனி கீது. அதுக்கும் பேரு வேணும், இல்ல ஃபோன் நம்பர் வேணும். ரெண்டும் இல்லாம உள்ள வுட்டா என் வேல பூடும்."

அப்பா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். அவர் அப்படி நின்றது எனக்கு அந்தப் பக்கத்தைவிட அதிக வலியாக இருந்தது. இருந்தும் திரும்பி வரும்போது அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் காலனி சங்கத்தின் செக்ரட்டரி சார் களத்தில் இறங்கினார். பார்க் விளக்கு எரியவில்லை என்றாலே கலெக்டர் வரைக்கும் மனு போடுகிறவர். "நம் காலனிப் பெண்ணின் மானம் நம் மானம். அனைவரும் உடனே அவள் பெயரைத் தேடி, போலிப் பக்கத்தை ரிப்போர்ட் செய்யவும்" என்று காலனிக் குழுவில் போட்டார், எந்தப் பட்டனை எப்படி அழுத்துவது என்ற படத்தோடு. வீடு வீடாகப் பதில் வந்தது, டன், டன், டன் என்று, கூடவே கும்பிடும் கை. கார் நிறுத்துவதில் எங்களோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுக்காரரும் டன் போட்டிருந்தார். அடுப்படியில் நின்று அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் எனக்காக நிற்கிறார்களே என்று அம்மாவிடம் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, என் ஃபோன் என்னை வெளியே தள்ளியது. நீங்கள் வேறொருவராக நடிப்பதாகப் பல புகார்கள் வந்துள்ளதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

முடக்கப்பட்டது என்னுடைய பக்கம்.

நான் போட்ட சத்தத்தில் செக்ரட்டரி சார் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "உன் பேரைத் தேடினா ரெண்டு வந்துதும்மா. ஒண்ணுல மூஞ்சியே இல்ல, ஏதோ முக்கோணம் மாதிரி கிடந்துது. இன்னொண்ணுல நீ லட்சணமா பட்டுப்புடவையில சிரிச்சுட்டு இருந்தே. எது ஃபேக்குன்னு பார்த்தவுடனே தெரிஞ்சுதே!"

அவரைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன், வாய்க்கு வந்தபடி சொன்னேன், அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகும் வரை. நான் தனியாகக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டிருந்த கம்பெனி, காலனியே சேர்ந்து தப்பாகச் சொன்னதும் ஒரு நொடியில் கேட்டுக்கொண்டது. நான்தான் நான் என்று நிரூபிக்க ஒரு வழி கொடுத்திருந்தார்கள். கேமரா முன் முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு. திருப்பினேன். உங்களை உறுதிப்படுத்த இயலவில்லை என்றது. எப்படி இயலும்? என் பக்கத்தில் என் முகமே இருந்ததில்லை. என் முகம் முழுக்க என் பெயரில் இருந்த அந்த இன்னொருத்தியிடம் இருந்தது.

சனிக்கிழமை அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வெளியே மர நிழலில் ஸ்கூட்டரைப் போட்டார். "இங்கேயே இருக்கேன்" என்றார்.

பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த அப்பாவும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாதான் மேடத்திடம் ஃபோனைக் கொண்டுபோனவர் என்று எனக்குப் புரிந்தது. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சொல்லி முடித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த அம்மா எழுந்தார். "அப்போ உங்க ஒரிஜினல் எது மிஸ்?"

"அதை நேத்து முடக்கிட்டாங்கம்மா. முப்பட்டகம் போட்டது. உங்க பையன் அதுலதான் பாடம் கேட்பான்."

அவர் கணவரின் ஃபோனில் ஏதோ தட்டினார். "இதோ இருக்கே."

எட்டிப் பார்த்தேன். என் பெயர், என் முப்பட்டகம், ஏழு நிறங்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒரு மனிதர் என் மெயிலைப் படித்துவிட்டார். "ஆமாம்மா, அதேதான்! அதுதான் என்னோடது!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அந்த அம்மா விரலால் மேலே தள்ளினார். அந்தப் படத்துக்குக் கீழே தனியாகப் பேசலாமா என்ற செய்தி இருந்தது. அதற்குக் கீழே மற்றவை.

"அப்போ இதை எழுதினது நீங்கதானே?"

என் பக்கம் போனதும் அந்தப் போலிக்காரி பட்டுப்புடவைப் படத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு என் முப்பட்டகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு நிமிஷம் முன்பு அதை என்னுடையது என்று சொன்னதும் அதே வாய்தான். பிரின்சிபல் மேடம் மெதுவாக என் தோளைத் தொட்டு, "கொஞ்ச நாள் லீவ் எடுத்துக்கோங்க மிஸ். ட்வெல்த்தை நான் வேற யார்கிட்டயாவது தரேன்" என்றார்.

நான் வெளியே வந்தபோது அப்பா ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"உன் பக்கத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க போல. நீ உள்ள போனதும் உன் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் வந்துது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்போ கோபம் போயிடுச்சா கண்ணு?"

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். முப்பட்டகம். அதற்குக் கீழே அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது: "தப்பு என்னோடதுதான்மா. உன் போட்டோவை அனுப்பினது நான். அன்னிக்கு சிக்னல்ல நீ கேட்டப்ப பதில் சொல்ல முடியல. நேர்ல சொல்ல வாய் வரல. அப்பாவை மன்னிச்சுடு." பதிலாக ஒரு கட்டைவிரல் வந்திருந்தது.

சற்று முன்பு அதே ஏமாற்று வலையில் நானும் விழுந்திருந்தேன். அதனால் அவரிடம் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமா, அந்தக் கட்டைவிரலை என்னுடையதாகவே விட்டுவிடலாமா என்று தெரியாமல் ஃபோனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது திரையில் என் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துள்ள ஆரம்பித்தன. நான் அப்பாவுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா திரையைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார்.