பார்க்காத நாளுக்கு ஒரு கோடு

மாடிக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய் நானே ஈரத்துணியாகத் திரும்பினேன். தலையைத் துவட்டிக்கொண்டே கைபேசியைப் பார்த்தால், எங்கள் வானிலை ஆர்வலர் குழுவில் திண்டுக்கல்லுக்கு நேரே 0.0 என்று இருக்கிறது. அடுத்த தெரு மாடியில் எங்கள் அறிவியல் சங்கம் வைத்திருக்கும் தானியங்கி மழைமானி அனுப்பிய அளவு அது. புறா ஏதாவது செய்து வாயை அடைத்திருக்கும். வெளியே சாக்கடை ரோட்டுக்கு ஏறி வருகிறது, கருவியோ பெய்யவே இல்லை என்று சத்தியம் செய்கிறது. ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் இதே பொய்யை இதைவிட அழகான கையெழுத்தில் எழுதியவள் நான், பாருங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். சென்னையில் இருந்த அந்த அறிவியல் சங்கம், வானத்தை அண்ணாந்து பார்க்கும் கிறுக்குகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்தது. ஆளுக்கு ஒரு தகர மழைமானி, ஒரு கண்ணாடி அளவுக் குவளை, மாதத்துக்கு ஒரு அஞ்சலட்டை. தினமும் காலை எட்டரைக்கு மழைநீரை அளந்து அட்டையில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் தபாலில் போட்டால், சங்கத்தின் செய்திமடலில் நம் பெயரும் நம் மழையும் அச்சில் வரும். ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

அம்மாவுக்கு வேறு நிறைய வேண்டியிருந்தது. "பொண்ணு பாக்க வாறவக முன்னாடியும் இப்பிடித்தான் தகரத்துக்குள்ள தலைய விட்டுட்டு நிப்பியா?" என்பாள். தகரத்துக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்பதுதான் கொடுமை. மேற்கே மலை மழையை முழுசாகக் குடித்துவிட்டு எங்களுக்கு ஏப்பத்தை மட்டும் அனுப்பும். மாசி, பங்குனியெல்லாம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஈரம் படாத தகரத்துக்கு ஒரு வெக்கை வாசனை உண்டு. பழைய சாவிக்கொத்தை மோந்து பார்த்தால் இன்றும் எனக்கு அந்தப் பங்குனிதான் வருகிறது.

பழனி லாட்ஜ் ஒன்றில் சங்கம் மேகங்களைப் பற்றி ஒருநாள் வகுப்பு எடுத்தபோதுதான் கந்தசாமியைப் பார்த்தேன். தொப்பம்பட்டியில் உரக்கடை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். "ஏனுங்க டீச்சர், போன மாசம் உங்களுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார். "மூணு மில்லி." "நமக்கு அஞ்சுங்க." அந்த இரண்டு மில்லிமீட்டரை நான் மன்னிக்கவே இல்லை.

அந்த வருடம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெப்பமானிகள் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று எங்கள் பகுதிக்கு வருகிறது, எனக்கோ கந்தசாமிக்கோ, ஒருவருக்குத்தான், செயலாளர் நேரில் வந்து முடிவு செய்வார் என்றது. பெட்டி படத்தில் புறாக்கூண்டு போலத்தான் இருந்தது. எனக்கு அதன்மேல் வந்த ஆசை எந்தப் பட்டுப்புடவை மேலும் வந்ததில்லை.

செய்திமடலில், முதலில் வந்து சேரும் அட்டைக்கு நட்சத்திரம் போடுவார்கள். நட்சத்திரம் வாங்கினால் பெட்டி நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். பங்குனி வெயிலில் என்ன பெய்துவிடப் போகிறது? இருபத்தேழாம் தேதியே முப்பத்தொன்று வரைக்கும் பூஜ்யம் போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் மலைக்கோட்டையே தெரியாமல் அடித்து ஊற்றியது. மறுநாள் காலை அளந்தால் நாற்பத்தாறு புள்ளி இரண்டு. அதுவரை என் மழைமானி கண்டிராத மழை. ஆடவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தபாலாபீசுக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கட்டு நேத்தே போயிருச்சு டீச்சர். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாதும்பாக. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

வீட்டுக்கு வந்து ஒரு ஆணியை எடுத்தேன். மழைமானிக்குள் தண்ணீர் சேரும் தகரக் குவளையின் அடியில் ஒரே அடி. ஓட்டை வழியாக ஒழுகிவிட்டது, அதனால் பூஜ்யம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அறிவியல் டீச்சரின் மூளை.

அடுத்த வாரம் செயலாளர் வந்தார். ஒல்லியாக, பஸ்ஸில் வாந்தி எடுத்த முகத்தோடு ஒரு இளைஞர். தொப்பம்பட்டியைப் பார்த்துவிட்டு வந்தார், கூடவே கந்தசாமி. நான் காப்பியை வைத்துவிட்டு ஓட்டைக் கதையைச் சொன்னேன். செயலாளர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை புதுசா மின்னுதே. ஆணி உள்ளேருந்து வெளியே போயிருக்கு டீச்சர்."

கந்தசாமி அவசரமாக ஜன்னல் வழியே மேகம் பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

செயலாளர் பையிலிருந்து கந்தசாமியின் அட்டையை எடுத்துக் காட்டினார். கடைசி மூன்று கட்டங்களில் எண்ணே இல்லை, வெறும் கோடு. "உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் பழனி போயிட்டனுங்க," என்றார் கந்தசாமி. "பாக்காத நாளுக்கு என்னத்தைங்க எழுதறது?"

பெட்டி தொப்பம்பட்டிக்குப் போயிற்று.

என்னைச் சங்கத்தை விட்டு நீக்குவார்கள் என்றுதான் நினைத்தேன். செயலாளர் பையில் இருந்த உபரித் தகரக் குவளையை என்னிடம் நீட்டினார். "மழை பாக்க ஆளே இல்ல டீச்சர், உங்களையும் விட்டா நான் எங்க போவேன்?" பிறகு பேனாவைத் திறந்து, "அளந்தீங்கல்ல? எவ்வளவு?" என்றார். நாற்பத்தாறு புள்ளி இரண்டு என்றேன். என் அட்டையை எடுத்து, அதில் என் பூஜ்யத்தை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஆணி அடித்தவள் சொன்ன எண்ணை அவர் நம்பினார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது பெட்டிக்காக இல்லை.

அதற்கப்புறம் இருபது வருடம் அட்டை எழுதினேன். கல்யாணத்துக்கு நாலு கோடு, பிரசவத்துக்குப் பதினொன்று. கந்தசாமியைப் பார்க்கும்போதெல்லாம் "பெட்டி சௌக்கியமா?" என்று கேட்பேன். "உங்களைத்தானுங்க கேட்டுச்சு," என்பார்.

ஒரு மாதம் செய்திமடலில் தொப்பம்பட்டி வரிசை முழுக்கக் கோடாக இருந்தது. ஆபரேஷனுக்குப் போகும் முன்பே முப்பது கட்டத்திலும் கோடு போட்டு மகனிடம் கொடுத்துப் போயிருக்கிறார். முன்கூட்டி எழுதும் என் வேலையை அவர் செய்தது அந்த ஒருமுறைதான். அடுத்த மாதம் அந்த வரிசையே இல்லை.

பிறகு அட்டையும் நின்றது. சங்கம் இன்னும் இருக்கிறது, கருவி வாங்கவும் பொருத்தவும் உதவுகிறது, இப்போது அதை நடத்தும் பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் கருவிக்குக் கோடு போடத் தெரியவில்லை. பார்க்காவிட்டாலும் 0.0 என்கிறது.

தலை காய்ந்ததும் குழுவில் திண்டுக்கல்லுக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்பினேன். உடனே ஒரு பையன் பதில் போட்டான்: "மேடம், உங்க மெசேஜ் பாதிதான் வந்திருக்கு."