கூட்டிக் குவித்த ஆப்பிள்கள்

லொரெட்டா உருளைக்கிழங்குக் கிடங்கில் அழுகலைப் பிரித்துத் தள்ளுகிறவள். பனிக்காலத்தில் வேலை பாதியாகக் குறையும். நவம்பரில் ஒரு மான் விழுந்தால்தான் வசந்தம் வரை வீட்டில் இறைச்சி. கணவன் இறந்த பிறகு அவன் துப்பாக்கியை அவளே எடுத்துக்கொண்டாள். தோட்டத்துக்குப் பின்னால், மான் சுட உட்காருவதற்கு அவன் கட்டிய பரணைக் கொழுந்தன் எர்வின் கேட்டுப் பார்த்தான்.

"பரண் எனக்கே வேணும்ப்பா" என்றாள். அவன் முகம் சுண்டிப்போனது.

அந்த வருஷம் விஸ்கான்சினில் அவர்கள் பக்கத்து மான்களுக்கு நோய் கண்டது. ஒரே இடத்தில் மான்கள் வாய் வைத்தால் பரவும் என்று, இரை போட்டுச் சுடுவதற்குத் தடை வந்தது.

எர்வின் சிரித்தான். "மக்காச்சோளம் கொட்டாம மான் வருமா? சட்டம் போட்டவன் வந்து ஓட்டிவிடுவானா அண்ணி?"

லொரெட்டா ஒரு சோள மணிகூடப் போடவில்லை. பரணுக்கு எதிரே ஆப்பிள் மரம் இருக்கிறதே, அதன் பழமும் இரையாகுமா என்று துப்பாக்கிக் கடையில் விசாரித்தாள்.

"தானா விழுந்து கிடந்தா குத்தமில்லம்மா" என்றார் கடைக்காரர்.

நிம்மதியாகத் திரும்பினாள். ஆனால் புல்லெல்லாம் பழம் அழுகிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாரிக் கூட்டி மரத்தடியில் குவித்தாள். வேலியோரம் வந்த எர்வின், "சுத்தமா வெச்சிருக்கீங்க அண்ணி" என்றான்.

வேட்டை தொடங்கிய காலையில் நல்ல கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்தது. ஒரே குண்டு. குடலை எடுத்துக்கொண்டிருந்தபோது வேட்டை அதிகாரி வந்து நின்றார்.

"இதைக் குவிச்சது யாரு?"

"நான்தாங்க. எங்க மரத்துப் பழம்தானே?"

"மரம் உதிர்த்தா பழம். நீங்க குவிச்சா இரைம்மா."

கடுமையாகக்கூடப் பேசவில்லை அவர். அபராதச் சீட்டைக் கொடுத்துவிட்டு மானை வண்டியில் ஏற்றினார். பனியில் ரத்தமும் குடலும்தான் அவளுக்கு மிஞ்சின.

சாயங்காலம் எர்வின் வந்தான். "ஆப்பிள் குவியலுக்கா பிடிச்சான்? அநியாயம் அண்ணி!"

அபராதத்தைப் பற்றி அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவனையே பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு ஒரு இறைச்சிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"நான் சுட்ட மான்தான். இன்னைக்கு விழுந்தது. வெச்சுக்கோங்க."

அது எந்தச் சோளத்துக்கு வந்த மான் என்று அவளுக்குத் தெரியும். அதிகாரிக்கு ஒரு போன் போதும். ஆனால் பெரிய சாலை வரைக்கும் பனியை ஒதுக்கித் தருவது அவன் டிராக்டர்தான். அது வராவிட்டால் அவளால் கிடங்குக்குப் போக முடியாது. இருக்கிற அரை வேலையும் போகும்.

வெளியே பனி மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"உட்காருப்பா," என்றாள் லொரெட்டா. "காபி போடறேன்."